உத்திரமில்லாத தளம்

தோட்டங்களில் தூக்கிக் கட்டப்பட்ட பழைய பலகை வீடுகளின் தரையைக் கீழிருந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரியும். கால்களின்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் சட்டம், சட்டத்தின்மேல் பலகை. பலகையில் நிற்பவரின் பாரம் இவ்வழியே படிப்படியாக இறங்கி நிலத்தைச் சேர்கின்றது. காங்கிரீட்டுக் கட்டடங்களும் பெரும்பாலும் இம்முறையிலேயே எழுப்பப்படுகின்றன. ஆயினும், நகரங்களிலுள்ள சில கட்டடங்களில், குறிப்பாக வாகனம் நிறுத்தும் மாடிகளில், அண்ணாந்து பார்த்தால் உத்திரமே தென்படாது. தளம் தூண்களின்மேல் நேராகவே அமர்ந்திருக்கும். இதனைத் தட்டைத்தளம் என்பர். கட்டுமான வேலைக்குச் செல்லும் தோட்டத்து இளைஞர்களும், அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பத்தினரும் இதன் இயல்பை அறிந்திருத்தல் நலம்.

இம்முறை புதியதன்று. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டர்னர் என்னும் பொறியியலாளர் 1906இல் இவ்வகைத் தளம் கொண்ட கட்டடத்தை எழுப்பினார். தூணின் தலைப்பகுதி குடைபோல் விரிந்திருந்ததால் அதற்குக் காளான் தளம் என்றே பெயர் வந்தது. விழுந்த ரப்பர் மரத்தில் முளைக்கும் காளானைப் பார்த்தவர்களுக்கு அவ்வுருவத்தை விளக்க வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் மையார் என்பவரும் தம் சொந்த முயற்சியால் இம்முறையைக் கண்டு, 1910இல் சூரிக் நகரில் ஒரு பண்டகசாலையை அமைத்தார்.

இதனால் விளையும் ஆதாயம் பெரிது. உத்திரம் இல்லையாதலின் ஒவ்வொரு மாடியிலும் ஏறத்தாழ ஒரு சாண் உயரமாவது மிச்சமாகும். அச்சுப் பலகை அடிப்பது எளிது. தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் வேண்டிய திசையில் கொண்டு செல்லலாம். இக்காரணங்களால் கட்டுவோர் பலர் இதனை விரும்புகின்றனர்.

ஆனால், இத்தளத்தின் உயிர்நிலை ஒன்றுண்டு. நான்கு கம்புகளை நட்டு, அவற்றின்மேல் ஒரு சாக்கை இழுத்துக் கட்டி, நடுவில் கல்லை ஏற்றிக்கொண்டே போனால் சாக்கு எங்கே கிழியும்? கம்பின் முனை படும் இடத்தில்தான் கிழியும். தட்டைத்தளமும் அவ்வாறே. சுற்றியுள்ள பரப்பின் பாரமெல்லாம் தூணைச் சூழ்ந்த ஒரு சிறு வளையத்தின் வழியாகவே இறங்க வேண்டும். பாரம் அளவு மீறினால் தூண் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தாற்போல் தோன்றும். உண்மையில் தூண் நகர்வதில்லை. தளம்தான் கீழே போகின்றது. பொதுவாக, நன்கு அமைத்த உத்திரம் பழுதுபட்டால் முதலில் தொய்ந்து காட்டும். துளைத்து இறங்கும் தளமோ பெரிதும் தொய்யாமலே திடீரென்று விழக்கூடும். ஓரிடத்தில் துளைத்ததும் அவ்விடத்துப் பாரம் அடுத்த தூண்களின்மேல் சாயும். அவையும் தாங்காவிடில் முழு மாடியே சரியும்.

தென்கொரியத் தலைநகர் சோலில் இருந்த சம்பூங் பேரங்காடிக்கு நேர்ந்தது இதுவே. முதலில் நான்கு மாடிகளுக்கென வகுக்கப்பட்ட அக்கட்டடத்தில் ஐந்தாம் மாடியும் ஏற்றப்பட்டது. அம்மாடி உணவகங்களாயிற்று, கொரியர் வழக்கப்படி சூடேற்றும் கனத்த தரையும் அங்கு இடப்பட்டது. 80 சென்டிமீட்டர் விட்டம் இருக்க வேண்டிய தூண்களில் சில 60 சென்டிமீட்டரே இருந்தன. தூணின் சுற்றளவில் கால் பங்கு குறைந்தால், தளம் பற்றிக்கொள்ளும் வளையமும் குறையுமன்றோ? போதாக்குறைக்கு, 1993இல் கூரையிலிருந்த பெரிய குளிர்சாதன இயந்திரங்களைப் பாரந்தூக்கியால் தூக்காமல் உருளைகளின்மேல் வைத்துக் கூரை நெடுக இழுத்துச் சென்றனர். தளத்தில் வெடிப்புகள் தோன்றின. 1995ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் காலையில் அவ்வெடிப்புகள் பெருகியதை மேலாளர்கள் கண்டனர். மேல்மாடியை மூடினர், கீழே வணிகத்தை நிறுத்தவில்லை. மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னர் அங்காடியின் ஒரு பாதி சில நொடிகளில் அடித்தளம் வரை சரிந்தது. 502 பேர் மாண்டனர். ஒருநாள் விற்பனைக்காகக் கொடுத்த விலை இது.

கட்டி முடிந்த பின்னர்தான் ஆபத்து என்று எண்ணுதல் கூடாது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1973ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், கட்டப்பட்டுக் கொண்டிருந்த உயர்ந்த அடுக்குமாடி ஒன்று சரிந்து 14 தொழிலாளர் இறந்தனர். மேல்மாடிக் காங்கிரீட்டு இறுகுமுன் முட்டுக் கால்களை எடுத்துவிட்டதே காரணமென ஆய்வில் தெரிந்தது. காங்கிரீட்டின் வலிமையைப் பொதுவாக 28ஆம் நாளில் கணக்கிடுவது வழக்கம். மேலே காய்ந்து வெளுத்திருப்பதால் உள்ளே இறுகிவிட்டது என்று கொள்ள முடியாது. ஆகவே பொறியியலாளர் சொல்லாமல் முட்டுக் காலில் கை வைக்கலாகாது, மேலாள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரியே.

கம்பி கட்டுவோர் அறிய வேண்டியது இன்னொன்று. காங்கிரீட்டு அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசையை அதில் பத்தில் ஒரு பங்களவே தாங்கும். தூணின் தலைமேல் தளத்தின் மேற்பக்கமே இழுபடுகின்றது. ஆதலால் அங்குக் கம்பி மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். காங்கிரீட்டு ஊற்றும்போது அக்கம்பிகளின்மேல் ஏறி மிதித்து நடந்தால் அவை தாழ்ந்துவிடும். தாழ்ந்த கம்பி வெளியே தெரியாது. தளத்தின் வலிமையோ குறைந்துபோகும். சம்பூங் கட்டடத்திலும் மேல்கம்பிகள் உரிய உயரத்தைவிடத் தாழ்ந்தே கிடந்தன. கம்பிகளின் அடியில் தாங்கிகள் நிற்கின்றனவா என்று பார்த்து, நடப்பதற்குத் தனிப் பலகை போட்டுக் கொள்ள வேண்டும்.

இத்தகைய கட்டடங்களில் குடியிருப்போர், குழாய்க்காகவோ வேறெதற்காகவோ தூணை ஒட்டித் தளத்தில் துளையிடச் செய்யலாகாது. பெரிய தண்ணீர்த் தொட்டி, புதிய செங்கற்சுவர் போன்றவற்றை ஏற்றுமுன் பொறியியலாளரைக் கேட்க வேண்டும். வெடிப்பு முதலில் தோன்றுவது பெரும்பாலும் தளத்தின் மேற்பக்கத்தில், தூணைச் சுற்றி. அங்கே ஓடு பதித்திருந்தால் அது மறைந்திருக்கும். தூணைச் சுற்றி ஓடுகள் வளையமாக வெடித்தாலோ, பெயர்ந்து எழும்பினாலோ, சிமெண்டு பூசி மூடிவிடாமல் கட்டட நிர்வாகத்திற்கும் நகராண்மைக் கழகத்திற்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வெடிப்பு நாளுக்கு நாள் நீண்டாலோ தளத்தில் ஓசை கேட்டாலோ கடிதத்தின் பதிலுக்குக் காத்திராமல் எல்லாரும் வெளியேற வேண்டும்.