கேரம் போர்டு மேல் ஓர் ஆண்டறிக்கை!

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, அந்த இரும்பு கேட்டைச் சத்தம் வராமல் தள்ளிக்கொண்டு என்னோடு வாருங்கள். சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடம் இது. ஞாயிற்றுக்கிழமை காலையானால் கார்கள் தெருவுக்குப் போய்விடும், பிளாஸ்டிக் நாற்காலிகள் உள்ளே வந்துவிடும். அவ்வளவுதான், குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைமைச் செயலகம் தயார்! பொதுக்குழுவை ஒட்டி வழவழ அட்டையோடு நம் கைக்கு ஒரு புத்தகம் வருமே, அந்த ஆண்டறிக்கை இங்கேதான் உருவாகிறது. அதைச் சமைக்கும் இடத்துக்குள்ளேயே நுழைய விட்டுவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேஜையைப் பாருங்கள். மேஜையே இல்லை, ஸ்டாண்டு மேல் வைத்த கேரம் போர்டு! அதன் மேல் ரசீதுப் புத்தகங்கள், டேக் போட்டுக் கட்டிய கோப்புகள், காய்ந்துபோன ஸ்டாம்ப் பேடு, கோலப் போட்டியில் மிஞ்சிய ஒரு எவர்சில்வர் டப்பா, ஒரு கொசு பேட். டேபிள் ஃபேன் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மனுக்களின் நகல்கள் படபடவென்று எழும்புகின்றன. அவற்றை அடக்க மேலே ஒரு பூட்டு, இரண்டு டம்ளர், யாரோ கழற்றி வைத்த பழைய தண்ணீர்க் குழாய். மே மாத வெயிலில் எல்லார் சட்டையும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒருவர்கூட எழுந்து போகிற மாதிரித் தெரியவில்லை.

யார் யார் இருக்கிறார்கள்? நடுவில் செயலாளர், தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வலப்பக்கம் பொருளாளர் மேடம், வங்கியில் இருந்தவர், கையில் சிவப்புப் பேனா. எதிரே லேப்டாப்போடு ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவர், துணைச் செயலாளர். பக்கங்களை வடிவமைக்க முன்வந்திருக்கும் கல்லூரி மாணவி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஓரத்தில் முதல் தெருவின் பெரியவர். எல்லாருக்கும் அவர் ‘அங்கிள்’தான். எந்த வருஷம் எந்தத் தெருவில் எந்தக் கம்பம் நட்டார்கள் என்பது அவருக்கு விரல் நுனியில். அவருக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எழுத்துப் பிழை எதுவும் இவரைத் தாண்டி அச்சகத்துக்குப் போக முடியாது.

இந்தப் பரபரப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் இது. வருடாவருடம் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், கணக்கை உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும், பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் மார்ச் 31 தாண்டியதும் சங்கத்துக்குக் காய்ச்சல் மாதிரி வேலை ஏறிவிடுகிறது. “கணக்கு மட்டும் போதும்னா நாலு பக்கத்துல முடிச்சுடலாம் சார். ஆனா ஒரு வருஷம் இந்த ஏரியா எப்படி இருந்துச்சுன்னு யார் சொல்றது?” என்று கேட்கிறார் செயலாளர். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் இத்தனை பேர் வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் சண்டை பத்தே நிமிடத்தில்! அறிக்கையைத் தெருவாரியாகப் பிரிப்பதா, விஷயவாரியாகப் பிரிப்பதா? “தெருவாரியா போடுங்க, அப்பதான் அவங்கவங்க தெருவைத் தேடிப் படிப்பாங்க” என்கிறார் அங்கிள். “எங்க தெருவுக்கு ஒரே ஒரு வரிதான் வரும், மானம் போயிடும்” என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாகிறது. கடைசியில் மாணவி ஒரு வழி சொல்கிறாள். அத்தியாயங்கள் விஷயவாரியாக இருக்கட்டும்: குடிநீர், மழைநீர் வடிகால், சாலை, குப்பை, தெருவிளக்கு, பாதுகாப்பு, விழாக்கள். நடுப்பக்கத்தில் ஒரு வரைபடம், அதில் ஒவ்வொரு தெருவிலும் நடந்த வேலைக்கு ஒரு குறி. சட்டென்று எல்லார் முகமும் மலர்கிறது. சுவரில் ஒட்டிய சார்ட் தாளில் யாருக்கு எந்த அத்தியாயம் என்று ஸ்கெட்ச் பேனா எழுத ஆரம்பிக்கிறது. ‘குப்பை’ என்றதும் நான்கு கைகள் உயர்கின்றன. ‘பாதாளச் சாக்கடை’ என்றதும் எல்லாரும் ஃபேனைப் பார்க்கிறார்கள்! கடைசியில் அதைத் துணைச் செயலாளர் எடுத்துக்கொண்டார். தோண்டிப் போட்ட ரோட்டில் தினமும் பைக் ஓட்டியவர் அவர்தானாம், அவரைவிடத் தகுதி யாருக்கு?

இனி அந்த மூலைக்கு வாருங்கள், எனக்குப் பிடித்த இடம். ஒரு தகர அலமாரி. உள்ளே பழைய ஆண்டறிக்கைகள் வரிசையாக நிற்கின்றன. மாணவி ஒன்றை உருவித் தருகிறாள். 2003: மழைநீர் சேகரிப்பு கட்டாயமான வருடம், எந்த வீட்டில் குழி தோண்டியாகிவிட்டது என்ற பட்டியல் பக்கம் பக்கமாக. கொஞ்சம் தள்ளி 2011: அதுவரை ஊராட்சித் தலைவருக்கு எழுதிய மனுக்களெல்லாம் அதற்குப் பிறகு மாநகராட்சிக்கு. மடிப்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் வந்த வருடம் அது. 2015: டிசம்பர் வெள்ளத்தில் யார் வீட்டு மாடியில் எத்தனை குடும்பங்கள் தங்கின என்ற குறிப்பு. 2019: கோடைத் தண்ணீர்ப் பஞ்சம், லாரி வந்த கிழமைகள். 2023: டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல், மறுபடி தண்ணீர். சுற்றுச்சுவரில் வெள்ளம் நின்ற உயரத்தை அளந்து ஒருவர் பென்சிலில் எழுதி வைத்த தாள்கூட அந்த அறிக்கைக்குள் செருகியபடியே இருக்கிறது. எந்தத் தெரு தாழ்வு, எந்த முனையில் தண்ணீர் முதலில் ஏறும், எங்கே கடைசியில் வடியும் என்று இந்த மெல்லிய புத்தகங்கள் சொல்கிற அளவுக்கு வேறு எந்தப் புத்தகமும் சொல்லாது.

இந்தப் பழைய பக்கங்களில் இருந்து சில வரிகளை எடுத்துப் போடலாம் என்று துணைச் செயலாளர் லேப்டாப்பைத் திறக்கிறார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் கொட்டுகிறது. அந்தக் காலத்து எழுத்துருவில் அடித்தது, இப்போதைய யூனிகோடில் திறந்தால் இப்படித்தான். “இது என்ன பாஷை தம்பி?” என்று அங்கிள் எட்டிப் பார்க்கிறார். “நீங்க எழுதினதுதான் அங்கிள்!” இடமே அதிர்கிறது. மாற்றித் தரும் மென்பொருளைத் தேடுவதற்குள் தமிழாசிரியை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அச்சுப் பிரதியைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கிவிட்டார். மாணவி கூடவே தட்டச்சு செய்கிறாள். மென்பொருளே தேவைப்படவில்லை.

இப்போது மனுக் கோப்பு. செயலாளர் இதை மட்டும் யார் கையிலும் கொடுப்பதில்லை. கொடுத்த ஒவ்வொரு கடிதத்தின் நகலிலும் வாங்கியவரின் கையொப்பம், தேதி முத்திரை. 1913 என்ற எண்ணில் சொன்ன புகார்களுக்கும் ‘நம்ம சென்னை’ செயலியில் போட்ட புகார்களுக்கும் பதிவு எண்கள் தனித் தாளில். இங்கேதான் அன்றைய பெரிய விவாதம். வடிகாலைத் தூர்வாரியதைப் பற்றி ஒருவர் ‘சங்கம் தூர்வாரி முடித்தது’ என்று எழுதியிருந்தார். பொருளாளர் மேடத்தின் சிவப்புப் பேனா அந்த வரியில் நின்றுவிட்டது. “நாமளா சார் இறங்கி வாரினோம்? மாநகராட்சி வாரிச்சு. நாம விடாம கேட்டோம். அப்படியே எழுதுங்க.” யாரும் மறுக்கவில்லை. பிறகு எல்லா மனுக்களையும் மூன்று வரிசையாகப் பிரிக்க முடிவானது: முடிந்தவை, நடப்பவை, நின்றுபோனவை. “நின்னுபோனதை எதுக்குப் போடணும், அசிங்கமா இருக்காதா?” என்று ஒருவர் தயங்க, செயலாளர் சொன்ன பதிலை நான் உடனே எழுதிக்கொண்டேன்: “அதைப் போட்டாத்தான் அடுத்த கமிட்டி அங்கிருந்து ஆரம்பிக்கும்.”

வாருங்கள், கணக்குப் பக்கம். மூச்சுவிடக்கூடப் பயமாக இருக்கிறது. காவலர் சம்பளம், கண்காணிப்பு கேமரா பராமரிப்பு, சுதந்திர தின மிட்டாய், பிளீச்சிங் பவுடர், ஜெராக்ஸ் என்று ஒவ்வொரு வவுச்சரும் புரள்கிறது. கூட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு பில் உதைக்கிறது. இரண்டாவது முறை கூட்டினாலும் உதைக்கிறது. எல்லாரும் அவரவர் பையைக் கவிழ்க்க ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் ஆதாரம் கிடைத்தது எங்கே தெரியுமா? கோலப் போட்டி அழைப்பிதழின் பின்பக்கம்! அவசரத்துக்குக் கடைக்காரர் அதிலேயே பில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மேடம் முதல்முறையாகச் சிரித்தார். அடுத்து சந்தா பாக்கி. பெயரோடு போட்டுவிடலாம் என்று ஒரு கட்சி, கூடவே கூடாது என்று ஒரு கட்சி. “கஷ்டம் இருக்கிறவங்களும் அந்த லிஸ்ட்ல இருப்பாங்க” என்று மேடமே தீர்த்து வைத்தார். பெயர் வராது, தெருவுக்கு எவ்வளவு பாக்கி என்பது மட்டும் வரும்.

நீர்மோரும் மசாலா சுண்டலும் வந்ததும் கேரம் போர்டு காலியாகிறது. படங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம். வாட்ஸாப்பில் குவிந்த படங்களைச் சுவரில் புரொஜெக்டரில் ஓட்டுகிறார்கள். ஒரு படத்தில் எட்டுப் பேர் வட்டமாக நின்று ஒரே மேன்ஹோலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். மூடியைத் திறக்க வந்தவரை மட்டும் படத்தில் காணோம்! அடுத்தது கொசு மருந்துப் புகை அடித்த நாள். படம் முழுக்க வெள்ளை. “இதுல நான் இருக்கேன்” என்று அங்கிள் சத்தியம் செய்கிறார். அட்டைக்கு எந்தப் படம்? நிர்வாகிகள் சால்வையோடு நிற்கும் படம் ஒன்று தயாராக இருந்தது. மாணவி அதை நகர்த்திவிட்டு இன்னொன்றைப் போட்டாள். பொங்கலன்று தெருவைப் பெருக்கி முடித்த தூய்மைப் பணியாளர் அக்கா, கோலத்தை மிதிக்காமல் ஓரமாகத் தள்ளுவண்டியைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போகிறார். செயலாளர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “இதான்.” அந்த அக்காவிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குப் போக வேண்டும் என்று சார்ட் தாளில் உடனே ஒரு குறிப்பும் ஏறியது.

அடுத்து ‘நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்’ பக்கம். சுண்டல் தட்டுகள் ஓரம் போகின்றன. ஒவ்வொரு பெயரின் தலைப்பெழுத்தையும் அந்தந்த வீட்டுக்கு போன் போட்டுச் சரிபார்க்கிறார்கள். ஒருவருக்கு அவர் வகித்த பதவியைப் போட்டிருந்தார்கள். அங்கிள் தலையசைத்தார். “அந்த வேலையில அவர் இருந்தது நம்ம தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது. முனையில இருக்கிற வேப்பமரத்தை வெச்சவர்னு போடுங்க, எல்லாருக்கும் தெரியும்.” அப்படியே போட்டார்கள். மரத்துக்குக் கீழேதான் இப்போது ஆட்டோக்கள் நிற்கின்றன என்று மாணவி ஒரு வரி சேர்த்தாள்.

கடைசியாகப் பிழைதிருத்தம். ‘கொசு ஒழிப்பு முகாம்’ என்பது ‘கொசு ஒளிப்பு முகாம்’ ஆகியிருந்ததைப் பார்த்ததும் தமிழாசிரியைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “எங்கப்பா ஒளிச்சு வெச்சீங்க? அதான் இன்னும் எங்க வீட்டுக்கு வருது!” பேனா அடுத்த பக்கத்துக்குப் போகும்போதும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு சுற்றுத் திருத்தம் பாக்கி, தணிக்கையாளரின் கையொப்பம் பாக்கி, அச்சகம் பாக்கி. அப்புறம் பொதுக்குழு அழைப்போடு சேர்த்து வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். அதற்கும் ஆள் பிரித்தாயிற்று. லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் இளைஞர்களுக்கு!

இத்தனையும் பார்த்த பிறகு ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. செயலாளர் ஒருவரே உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்த அறிக்கை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் வேப்பமரம் வந்திருக்காது, அட்டையில் அந்த அக்கா வந்திருக்க மாட்டார், ‘நின்றுபோனவை’ என்ற பட்டியலும் வந்திருக்காது. பல பேர் கூடிச் சண்டை போட்டு எழுதியதால்தான் இது மொத்த ஏரியாவுக்கும் சொந்தமான புத்தகமாக இருக்கிறது.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு சங்கம் இருக்கும், இப்படி ஒரு புத்தகம் உங்கள் வீட்டுக்கும் வரும். தயவுசெய்து பழைய பேப்பர் கட்டில் சேர்த்துவிடாதீர்கள். வரவு செலவைப் படியுங்கள். நின்றுபோன வேலைகளில் உங்கள் தெரு இருக்கிறதா என்று தேடுங்கள். விடுபட்டிருந்தால் பொதுக்குழுவுக்குப் போய்க் கை தூக்கிக் கேளுங்கள். வரும்போது செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்: “அடுத்த வருஷம் எனக்கும் ஒரு பக்கம் கொடுங்க சார், நான் எழுதறேன்.”