அடுப்படியும் கடன் கணக்கும்
கோதுமை ஒவ்வாத பிள்ளையுள்ள இல்லங்களுக்குச் சில யோசனைகள்



ஒரு வீட்டில் நோயும் கடனும் ஒரே காலத்தில் புகுந்துவிட்டால், அவ்வீட்டின் இல்லத்தரசி படும் பாடு சொல்லி மாளாது. நோய்க்குச் செலவிட்டால் தவணை தவறுகிறது. தவணையைக் கட்டினால் பிள்ளையின் தட்டில் குறை விழுகிறது. அந்த நோய், வாழ்நாள் முழுவதும் உணவில் கட்டுப்பாடு வேண்டும் நோயாகவும் இருந்துவிட்டால், 'இனி எப்படிச் சமாளிப்பது?' என்னும் மலைப்பு மனத்தை அழுத்துகிறது. சீலியாக் என்னும் குடல் நோய் அத்தகையது. அந்நோயுள்ள பிள்ளையையும் அடைக்க வேண்டிய கடனையும் வைத்துக்கொண்டு, சிறு வருமானத்தில் குடும்பம் நடத்தும் வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் இயல்பு

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை விசிறும்போது அது கிழியாமல் விரிவது இப்புரதத்தால்தான். சீலியாக் நோயுள்ளவர் இதனை உண்டால், அவருடைய உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலினுள் அமைந்திருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. பிள்ளை உண்கிறது, உண்டது உடலில் ஒட்டுவதில்லை. நாட்பட்ட வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், வளர்ச்சிக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் தீராத இரத்தசோகை ஆகியன இதன் அறிகுறிகள். கண்ணேறு என்றும் பூச்சித் தொல்லை என்றும் எண்ணி ஆண்டுகளைக் கழித்துவிடும் பெற்றோரும் உண்டு.

அரிசியுண்ணும் தென்னகத்தில் இந்நோய் அரிது. 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் இந்திய ஆய்வு, வடபகுதியில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், தென்பகுதியில் நூற்றுக்கு 0.10 பேரிடமும், அதாவது ஆயிரத்தில் ஒருவரிடமும், இந்நோயைக் கண்டது. ஆயிரத்தில் ஒருவர் என்றாலும், அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையானால் நமக்கு அதுவே முழுக் கவலை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ஐயம் தோன்றியவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனையும், தேவையானால் உள்நோக்கிக் கருவியின் மூலம் குடல் திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் முடியும்வரை வழக்கமான உணவே தொடர வேண்டும். முன்பே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். தனியார் மருத்துவமனைக்காகக் கடன் வாங்கும் தேவை பெரும்பாலும் எழாது. நோய் உறுதியானால், உடன்பிறந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நன்று. நோய் இல்லாதவர் பிறரைப் பார்த்துக் கோதுமையை விலக்க வேண்டிய அவசியமே இல்லை.

பஞ்சம் தந்த பாடம்

இந்நோய்க்கு இன்று வழக்கத்திலுள்ள சிகிச்சை குளூட்டன் அறவே இல்லாத உணவு ஒன்றே. அதனை உலகுக்கு உறுதிப்படுத்தியவர் வில்லெம் டிக்கே என்னும் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் உணவுப் பஞ்சம் ஏற்பட்டது. ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. ரொட்டி இல்லாத நாள்களில் சீலியாக் நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், ரொட்டி மீண்டும் வந்தவுடன் அவர்கள் நலிந்ததையும் டிக்கே கண்டார். கோதுமையின் மீது முன்பே அவருக்கிருந்த ஐயம் வலுப்பெற்றது. 1950இல் தம் ஆய்வேட்டை வெளியிட்டார்.

சகோதரிகளே, இச்செய்தியில் நமக்கொரு பாடம் இருக்கிறது. அக்குழந்தைகள் தேறியது விலையுயர்ந்த தனி உணவினால் அன்று. ஒரு தானியம் தட்டிலிருந்து நீங்கியதனால். இன்று பெரிய கடைகளில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டு விற்கப்படும் ரொட்டியும் பிஸ்கட்டும் மாவும் சாதாரணப் பொருள்களைவிட மடங்கு மடங்காக விலை கூடியவை. மருத்துவர் 'குளூட்டன் கூடாது' என்று சொன்ன மறுநாளே அவற்றைக் கூடை நிறைய வாங்கி, மளிகைப் பற்றை ஏற்றிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கோதுமையை முக்கிய உணவாகக் கொண்ட நாட்டாருக்கு அவை தேவைப்படலாம். அரிசி உண்ணும் நமக்கு அவை இன்றியமையாதவை அல்ல.

நம் அடுப்படியிலேயே இருக்கிறது

நம் இல்லங்களில் காலங்காலமாகச் செய்துவரும் உணவுகளை எண்ணிப் பாருங்கள். இடியாப்பம், ஆப்பம், புட்டு, இட்லி, தோசை, அரிசிமாவுப் பத்திரி, தக்கடி, கொழுக்கட்டை, நெய்ச்சோறு, பிரியாணி ஆகிய அனைத்தும் அரிசியால் ஆனவை. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வட்டலப்பத்திலும், நோன்பு திறக்கும் நேரத்துக் கடற்பாசியிலும் கோதுமைக்கு இடமில்லை. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு ஆகிய சிறுதானியங்களிலும் குளூட்டன் கிடையாது.

தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோதுமை வாங்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அதனை விடுத்து முழுவதும் அரிசியாகவே பெற்றுக்கொள்ளுங்கள். மானிய விலைத் துவரம்பருப்பையும் பாமாயிலையும் மாதந்தோறும் தவறாது வாங்குங்கள். இந்த மூன்றுமே பிள்ளையின் மருந்துணவுக்கு அடித்தளம்.

எனினும் வெறும் சோறு போதாது. நலிந்த குடல் தேறும் காலத்தில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் மிகுதியாகத் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆகவே வாரத்தில் சில நாள் காலையில் கேழ்வரகுக் கூழோ அடையோ செய்யுங்கள். முருங்கைக்கீரை, பாசிப்பயறு, வேர்க்கடலை, முட்டை, மத்தி, நெத்திலி ஆகியன குறைந்த செலவில் நிறைந்த சத்துத் தருபவை. வஞ்சிரம் வாங்க இயலவில்லையே என்று வருந்தாதீர்கள். மத்தியும் சத்தில் சளைத்ததன்று.

ஒளிந்திருக்கும் கோதுமை

சப்பாத்தியையும் பரோட்டாவையும் விலக்குவது எளிது. வேறு பெயரில் வரும் கோதுமையைக் கண்டறிவதில்தான் கவனம் வேண்டும். ரவை, மைதா, சேமியா, சம்பா ரவை எல்லாம் கோதுமையே. தம்ரூட், கோதுமை அல்வா, சமூசா, ஹலீம், ரஸ்க், பிஸ்கட் ஆகியவை கூடா. பார்லி மால்ட் சேர்ந்த சத்துமாவுப் பானங்களும் கூடா. பலரும் அறியாத ஒன்று கூட்டுப் பெருங்காயம். அதில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அதனால் கடைச் சாம்பார்ப் பொடியிலும் ஊறுகாயிலும் அது நுழைந்துவிடுகிறது. மல்லியும் மிளகாயும் வாங்கி வீட்டிலேயே பொடித்துக்கொண்டால் செலவும் குறையும், ஐயமும் நீங்கும்.

பொட்டலங்களை வாங்கும்போது சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளுக்கே 'குளூட்டன் இல்லாதது' என்று குறிப்பிட இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் இடமளிக்கின்றன. எவ்வளவு நுண்ணிய அளவு என்று பாருங்கள்! கோதுமை அரைத்த கையோடு அதே மில் எந்திரத்தில் நம் அரிசியை அரைத்தால், அரிசிமாவில் கோதுமை மாவு கலந்துவிடும். எனவே அரிசியை ஊறவைத்து உலர்த்தி, வீட்டு மிக்சியில் சிறிது சிறிதாக அரைத்துச் சலித்துக்கொள்வது பாதுகாப்பானது. கோதுமை மாவு சலித்த சல்லடையைப் பிள்ளையின் மாவுக்கு எடுக்கக் கூடாது. சப்பாத்திக் கல், மரக்கரண்டி, பலகை ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

இங்குதான் ஒரு குடும்ப முடிவு தேவைப்படுகிறது. வாப்பாவுக்குச் சர்க்கரை நோய். இரவில் சப்பாத்தி வேண்டும். பிள்ளைக்கோ அது நஞ்சு. இரண்டு சமையல் என்றால் எரிவாயுவும் இரட்டிப்பு, உழைப்பும் இரட்டிப்பு. முடிந்தவரை ஒரே சமையலாக மாற்றிக்கொள்ளுங்கள். மருத்துவரைக் கேட்டு அளவறிந்து, இரவுக்குக் கேழ்வரகு அல்லது சோள அடையும் கறியும் எல்லோருக்கும் வைக்கலாம். உடன்பிறந்தார் பிஸ்கட் தின்னப் பார்த்திருக்கும் பிள்ளையின் ஏக்கமும் அதனால் குறையும்.

பள்ளியிலும் விருந்திலும்

அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளையாயின் தலைமையாசிரியரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் உப்புமா, கிச்சடி வகைகளில் ரவையும் சேமியாவும் சேர்வதுண்டு. அத்தகைய நாள்களில் வீட்டிலேயே இட்லி கொடுத்து அனுப்புங்கள். மதிய உணவுச் சாம்பாரில் எந்தப் பெருங்காயம் சேர்கிறது என்பதையும் கேட்டறியுங்கள்.

பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் கொண்டு காய்ச்சப்படுவது. ஆயினும் கெட்டிப்படுவதற்காகக் கோதுமை நொய் சேர்க்கும் பழக்கம் உங்கள் ஊரில் உண்டா என்று காய்ச்சுபவரிடம் விசாரியுங்கள். கல்யாண வீடுகளில் 'ஒரு துண்டு தம்ரூட் தின்றால் என்ன ஆகிவிடும்?' என்று மாமியும் ராத்தாவும் அன்பால் ஊட்ட வருவார்கள். ஒரு துண்டும் குடலைப் புண்ணாக்கும் என்பதை அவர்களிடம் பொறுமையாக விளக்குங்கள். பிள்ளையின் நோயை வெட்கி மறைத்தால், அறியாதவர் கையால் அந்த நோய் வளரும்.

மறைத்த கடனும் வளரும்

கடனும் அவ்வாறே. கணவருக்குத் தெரியாமல் மனைவி குழுவில் எடுத்தது, மனைவிக்குத் தெரியாமல் கணவர் கைமாற்றாக வாங்கியது என்று தனித்தனியே கிடக்கும்வரை எந்தக் கணக்கும் நேராகாது. கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். கொடுத்தவரும் வாங்கியவரும் எழுதிக்கொள்ள வேண்டுமெனில், ஒரே கூரையின் கீழ் வாழும் இருவர் எழுதிக்கொள்ள வேண்டாமா?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஐவர் கொண்ட குடும்பம். மாத வருமானம் 18,000 ரூபாய் என்று கொள்வோம். குழுக்கடனுக்கு வாரம் 900 வீதம் மாதம் சராசரி 3,900 ரூபாய். 60,000 ரூபாய் நகைக்கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் மாதம் 600 ரூபாய். தெருவில் நூற்றுக்கு ஐந்து வட்டியில் வாங்கிய 20,000 ரூபாய்க்கு மாதம் 1,000 ரூபாய். ஆக 5,500 ரூபாய். வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு!

இதில் முதலில் எதனை அடைப்பது? தொகை பெரிது என்பதால் நகைக்கடனே பலர் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் குடும்பத்தை அரிப்பது அந்த 20,000. அதன் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு அறுபது. இருபதே மாதத்தில் முதலுக்குச் சமமான தொகை வட்டியாகவே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். எனவே அணியாது பெட்டியில் கிடக்கும் ஒரு சிறு நகையை விற்றாவது இதனை முதலில் தீர்ப்பது அறிவுடைமை. வட்டியை அடைக்க மற்றொரு வட்டிக் கடன் வாங்காதீர்கள். உங்கள் ஜமாஅத்தில் வட்டியில்லாக் கடனுதவி உண்டா என்று கேளுங்கள். ஜகாத் பெறும் எண்வகையினரில் கடன்பட்டோரும் அடங்குவர், கேட்பதில் இழிவில்லை. அந்த 1,000 ரூபாய் கையில் மிஞ்சினால், முட்டை ஒன்று ஏழு ரூபாய் என்றாலும் 142 முட்டைகள். ஐவருக்கும் நாளொன்றுக்கு ஒன்று வைக்க ஏறத்தாழ ஒரு மாதத்திற்குக் காணும்.

உங்களுக்குள்ள பாதுகாப்பையும் அறிந்துகொள்ளுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இல் இயற்றப்பட்டது. மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதித்த நெறிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி அவை புதுக்கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கேட்கக் கூடாது. தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கிளைக்குச் சென்று மருத்துவச் சீட்டைக் காட்டி அவகாசம் கேளுங்கள். தவறிய பின் ஒளிவதைவிட அது மதிப்பானது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தவணை நாளுக்கு முந்திய இரவில் பிள்ளையின் பாலையும் முட்டையையும் குறைத்துப் பணம் சேர்க்காதீர்கள். பள்ளியில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ரவையை உண்ணவும் விடாதீர்கள். இன்று மிஞ்சும் ஐம்பது ரூபாய், நாளை மருத்துவமனை வாசலில் ஐந்தாயிரம் கடனாக நிற்கும். மாதச் சம்பளம் வந்தவுடன் பிள்ளையின் பருப்பு, கேழ்வரகு, முட்டைக்கான தொகையை முதலில் எடுத்து வையுங்கள். அதன் பிறகு வாடகை. அதன் பிறகு தவணைகள்.

இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஒரு பக்கத்தில் பிள்ளைக்கு ஆகாத பொருள்களை எழுதுங்கள். மறுபக்கத்தில் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். கணவரும் மனைவியும் சேர்ந்தமர்ந்து, விவரம் புரியும் வயதுப் பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அந்நோட்டு அடுப்படியில் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.