கடவைகளில் சட்டமும் வேண்டும், காவலும் வேண்டும்

புகையிரதக் கடவைகளில் விதிகளை மீறும் சாரதிகள் மீது பொலிஸார் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற குரல் ஒவ்வொரு விபத்தின் பின்னரும் எழுவதும், சில நாட்களில் அடங்கிவிடுவதும் வழமையாகிவிட்டது.

2005 ஏப்ரல் 27ஆம் திகதி பொல்கஹவெலவுக்கு அருகே யாங்கல்மோதரக் கடவையில், கண்டி நோக்கிச் சென்ற கடுகதிப் புகையிரதத்துடன் தனியார் பஸ் ஒன்று மோதியதில் 35க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். சமிக்ஞையைப் பொருட்படுத்தாது கடக்க முற்பட்டமையே அந்த அனர்த்தத்திற்குக் காரணம். இத்தகைய சாரதிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் அவசியமே. 2016 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், கடவையைக் கவனயீனமாகக் கடப்பது உள்ளிட்ட சில குற்றங்களுக்கு ஆகக்குறைந்த தண்டம் 25,000 ரூபா என யோசனை கூறப்பட்டது. தனியார் பஸ் சங்கங்கள் இதனை எதிர்த்துப் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின.

ஆனால், மலையகத்தின் பிரச்சினை தண்டத்துடன் தீர்ந்துவிடுவதில்லை. தோட்ட விளைபொருட்களைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் தேவையுடன் அமைக்கப்பட்ட இப்பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அது தோட்டங்களை ஊடறுத்தே செல்கிறது. கொழுந்து ஏற்றிய லொறிகளும், முச்சக்கர வண்டிகளும், பாடசாலை மாணவர்களும் அதனைக் கடந்தாக வேண்டும். வளைவுகளும் பனிமூட்டமும் பார்வையை மறைக்கும் இடங்கள் பல. சாரதி புகையிரதத்தைக் காணும்போது காலம் கடந்திருக்கும். புகையிரதத்தையோ உடன் நிறுத்த முடியாது. படலையோ மணியோ விளக்கோ இல்லாத இடத்தில் எந்தச் சமிக்ஞையை மீறியதாக ஒருவர் மீது வழக்குத் தொடர்வது?

காவலர் உள்ள கடவைகளின் நிலையும் திருப்தி தருவதாக இல்லை. பொலிஸாரின் மேற்பார்வையில் நாளொன்றுக்கு 250 ரூபா கொடுப்பனவில் அமர்த்தப்பட்ட காவலர்கள் நிரந்தர நியமனம் கோரிப் பல தடவைகள் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டதை நாடு கண்டது. பல உயிர்களின் பாதுகாப்பை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு அவருக்கு இவ்வளவு சொற்பத் தொகையை வழங்கியது நியாயமாகுமா?

2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளி மலையகப் புகையிரதப் பாதையைப் பெரிதும் சேதப்படுத்தியது. தண்டவாளங்களையும் பாலங்களையும் சீரமைப்பதோடு பணி முடிந்துவிடலாகாது. ஆபத்தான தோட்டக் கடவைகளை இனங்கண்டு, படலையும் ஒளிச் சமிக்ஞையும் பொருத்துவதையும் அதிகாரிகள் அப்பணியில் சேர்க்க வேண்டும். புகையிரதத் திணைக்களமும் பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் பொறுப்பை ஒருவர் மீது ஒருவர் சுமத்திக் காலங்கடத்தலாகாது. கோயில்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் மக்களை விழிப்பூட்ட முன்வர வேண்டும்.

முதலில் பாதுகாப்பை வழங்கி, பின்னர் அதனை மீறுவோரைத் தண்டிப்பதே முறையாகும் என்பதை நாம் வலியுறுத்துகிறோம்.