ஆளுக்கேற்ற பாடம், அளத்துக்கேற்ற நேரம்

மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான், 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கொரோனாவால் படிப்பு விட்டுப்போன 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளைத் தேடி வந்த கல்வி, அதே கடற்கரையின் உப்பளங்களில் உப்பு வாரும் அம்மாக்களையும் தேடி வர வேண்டும்.

அதற்குத் திட்டம் உண்டா?

உண்டு. 15 வயதும் அதற்கு மேலும் ஆன, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது 2022-27 காலத்துக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். எழுத்து, எண்ணறிவோடு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், தொடர் கல்வியும் இதில் அடக்கம்.

பெரியவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

எதற்காகப் படிக்க வருகிறார், ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிந்து, அங்கிருந்து தொடங்க வேண்டும். கற்பவரை மதித்து, அவர் நிலையில் நின்று புரிந்துகொள்வது வழிகாட்டிக்கு அவசியம் என்றார் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் ஆஞ்சிகோஸ் ஊர்த் தொழிலாளர்களுக்கு, அவர்கள் அன்றாடம் புழங்கிய சொற்களைக் கொண்டே எழுத்தறிவித்தார். புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் 1990களின் தொடக்கத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் பழக்கியது. வெளியே போக யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற துணிச்சல் அவர்களுக்கு வந்தது.

உப்பளத்தில் இந்தக் கற்பித்தல் எப்படி இருக்கும்?

பாத்தியில் உப்புநீரின் அடர்த்தி ஏறக்குறைய 25 டிகிரிக்கு ஏறும்போது உப்பு விளையத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கினால் கசப்பு உப்புகள் கலந்துவிடும்; அதற்குள் நீரை வடித்துவிட வேண்டும். நீரின் போக்கை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவருக்கு எண் பாடத்தை இந்த டிகிரியிலேயே தொடங்கலாம். அடுத்தது கூலிக் கணக்கு, பிறகு வங்கிப் படிவம்.

நேரத்தையும் அளம்தான் தீர்மானிக்க வேண்டும். வெயில் மாதங்களில் அதிகாலையிலேயே வேலை தொடங்கிவிடும். உடம்பு ஓய்ந்த பிறகு தினம் வகுப்பு என்பது நடக்காது. வடகிழக்குப் பருவமழையில் உப்பு வேலை நிற்கும்போது வகுப்பைக் கூட்டலாம். அப்போதும் வேறு கூலி தேடிப் போகிறவருக்குத் தக்கபடி நேரத்தை மாற்ற வேண்டும்.

என்ன குறை?

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைத்தது. பெரியவர்களுக்கு எழுத்தறிவிப்பவர் ஊதியமில்லாத் தொண்டராகவே இருக்கிறார். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டு, அவரவர் வேகத்துக்குச் சொல்லித்தர வேண்டும் என்றால் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். அந்த உழைப்புக்கு அரசு ஊக்கத்தொகை கொடுக்கட்டும். எழுத்தறிவுத் தேர்வு மதிப்பெண்ணோடு, தன் கூலிச் சீட்டைத் தானே படித்துச் சரிபார்க்க முடிகிறதா என்பதையும் தேர்ச்சியாகக் கணக்கிடட்டும்.