கத்திரி வெயிலில் எரியும் ஹீட்டர் விளக்கு

கள்ளக்குறிச்சியில் மே மாத வெயில் மண்டையைப் பிளக்கும்போதுகூட, ஏதாவது ஒரு லாரியின் டேஷ்போர்டில் யூரியா ஹீட்டர் பழுது என்று எச்சரிக்கை விளக்கு எரியலாம். "இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?" என்று டிரைவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பின்படி, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 புகைத் தரத்துக்கு உட்பட்ட வண்டிகளைத்தான் விற்க முடியும். பி.எஸ்.6 டீசல் லாரிகளில் பெரும்பாலானவற்றில் யூரியா திரவத்துக்கென்று தனி டேங்க் உண்டு. 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். சூடான புகைக்குழாயில் இதைத் தெளித்தால் அம்மோனியா உண்டாகி, நச்சான நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். இந்தத் திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறையும். மலை மேலுள்ள வெள்ளிமலையில் மார்கழிப் பனி எவ்வளவு இறங்கினாலும் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்து லாரி காஷ்மீர் வரை சரக்கு ஏற்றிப் போகிறது. சோஜிலா கணவாயைத் தாண்டி திராஸ் பக்கம் போனால் குளிர்காலத்தில் மைனஸ் 20 சாதாரணம். அதற்காகத்தான் ஹீட்டர். பல கனரக லாரிகளில் டேங்கை எஞ்சின் கூலன்ட் சூடாக்கும். ஹோஸ்களை மட்டும் மின்சாரம் சூடாக்கும். டேங்குக்கும் மின் ஹீட்டர் வைத்த வண்டிகளும் உண்டு.

ஹீட்டருக்கு இங்கே வேலை இல்லை என்றாலும், அதன் மின்சுற்று அறுந்திருக்கிறதா, எர்த் ஆகியிருக்கிறதா என்பதை கன்ட்ரோல் யூனிட் கண்காணித்துக்கொண்டே இருக்கும். வெயில் காலத்திலும் விளக்கு எரிவது இதனால்தான்.

ஸ்கேனர் போட்டால் ஒரு கோடு வரும். கனரக லாரிகளில், சுற்றைக் குறிக்கும் எஸ்.பி.என். எண் 3363 என்றால் டேங்க் ஹீட்டர், 4354 முதல் 4357 வரை ஹோஸ் ஹீட்டர்கள். கூடவே வரும், பழுதின் வகையைச் சொல்லும் எஃப்.எம்.ஐ. எண்தான் முக்கியம். 5 வந்தால் சுற்று அறுந்திருக்கிறது, அல்லது கரன்ட் போதவில்லை; 4 வந்தால் எர்த்; 3 வந்தால் பேட்டரி லைனோடு ஒட்டியிருக்கிறது. பணம் வீணாவது இந்த இடத்தில்தான். கோடு காட்டுவது பழுதான பாகத்தை அல்ல, பழுது எந்தச் சுற்றில் என்பதை. பியூஸ், ரிலே, வயர், கனெக்டர், ஹீட்டர் எல்லாம் அந்தச் சுற்றில் அடக்கம். ஆனால் பல இடங்களில் ஸ்கேனரில் 'ஹீட்டர்' என்ற பெயரைப் பார்த்ததுமே புது ஹீட்டருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் பியூஸும் ரிலேயும். அவை சரியாக இருந்தால் சாவியை அணைத்துவிட்டு, கனெக்டரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். வெள்ளையாக உப்பு பூத்த மாதிரி தெரிந்தால் அது யூரியா படிகம். யூரியா திரவம் செம்பை அரிக்கும். சீல் ஒழுகினால் வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புப் புரிகளின் வழியே ஊறி ஊறி மேலே ஏறும். வெளியே இன்சுலேஷன் பளபளவென்று இருக்கும். உள்ளே செம்பு கறுத்து, பச்சை பிடித்துப் போயிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் படிகம் கரைந்துவிடும், அரித்த செம்பு திரும்பி வராது. பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டி, புது வயர் சேர்த்து, பசை உள்ள சுருங்கும் குழாயால் மூட வேண்டும். வெறும் டேப் சுற்றினால் அடுத்த மழைக்குள் அதே கோடு திரும்பி வரும். ஒழுகும் சீலையும் மாற்றாமல் விட்டால் இவ்வளவு வேலையும் வீண்.

அடுத்து மல்டிமீட்டர். ஹீட்டரின் இரண்டு முனைகளுக்கிடையே ஓம் அளந்து, கம்பெனி சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் ஏறும் வகை ஹீட்டர்களும் உள்ளன. மதியம் ஓடிவந்த வண்டியில் உடனே அளந்தால் நல்ல ஹீட்டரும் கெட்டதாகத் தெரியலாம். ஆறவிட்டு அளப்பதே சரி. ஒவ்வொரு முனைக்கும் பாடிக்கும் இடையே தொடர்பே காட்டக்கூடாது. காட்டினால் ஹீட்டர் உள்ளே எர்த்.

வயரை ஓம் மீட்டரில் மட்டும் சோதித்து 'நல்லா இருக்கு' என்று சொல்வதை நம்பாதீர்கள். ஒரே புரியில் தொங்கும் கிணற்றுக் கயிறு காலி வாளியைத் தூக்கிவிடும். நிறைந்த வாளிக்கு அறுந்துவிடும். வயரும் அப்படித்தான், லோடு கொடுத்தால்தான் உண்மை தெரியும். 24 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் 4.8 ஓம். வழியில் அரிப்பு 2 ஓம் சேர்த்தால் கரன்ட் சுமார் 3.5 ஆம்பியராக இறங்கும். 120 வாட் சூடு 60 வாட்டாகக் குறையும். எனவே ஹீட்டர் வேலை செய்யும்போதே பாசிட்டிவ் பக்கமும் எர்த் பக்கமும் எவ்வளவு வோல்ட் குறைகிறது என்று அளக்க வேண்டும்.

நம் ஊர் மெக்கானிக்குகள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வெளியே 38 டிகிரி இருக்கும்போது கன்ட்ரோல் யூனிட் ஹீட்டரை ஆன் செய்யவே செய்யாது. கனெக்டரில் வோல்ட் வரவில்லை என்பதற்காக வயர் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. ஸ்கேனரிலிருந்து ஹீட்டரை இயக்கச் சொல்லிவிட்டு அளக்க வேண்டும். கோடு விட்டு விட்டு வந்தால், அளந்துகொண்டே ஹார்னஸை நீளவாக்கில் அசைத்துப் பாருங்கள். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் வளைவுகளில் மரவள்ளிக் கிழங்கு லோடோடு குலுங்கும் வண்டியில், வயர் சேஸிஸில் உரசித் தோல் உரிய வாய்ப்பு அதிகம்.

நம் வட்டாரத்தில் யூரியா திரவத்துக்குக் குளிரைவிட வெயில்தான் எதிரி. 25 டிகிரியில் 18 மாதம் தாங்கும் திரவம் 35 டிகிரியில் 6 மாதம்தான் தாங்கும். கேனைத் தகரக் கொட்டகையில் போட்டு வைக்காதீர்கள்.

"எல்லாத்தையும் கட் பண்ணிடலாம், கோடே வராது" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். யூரியா அமைப்பையே முடக்கினால் அந்த விஷப்புகை சாலையோரக் குழந்தைகளின் மூச்சில்தான் கலக்கும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

லாரி உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: புது ஹீட்டருக்குப் பணம் கொடுக்கும் முன் ஹீட்டரின் ஓம் அளவு, பாடியோடு தொடர்பு, லோடில் குறையும் வோல்ட் ஆகிய மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர முடியாத இடத்தில் வண்டியை விடாதீர்கள்.