பணம் கட்டியாச்சு, கடைக்கு ஆளைத் தெரியவில்லை

வாடிக்கையாளர் மூன்று டின் முறுக்கைக் கூடையில் போடுகிறார். எஃப்பிஎக்ஸ் இணையக் கட்டண முறை வழியாக வங்கிப் பக்கத்துக்குப் போகிறார், செயலியில் ஒப்புதல் தருகிறார், கணக்கில் 75 வெள்ளி கழிகிறது. கடைக்குத் திரும்பினால் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டு நிற்கிறது திரை. கூடை காலி. பதறிப்போய் இன்னொரு முறை கட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் கடைக்காரருக்குப் புலனத்தில் ஒரு குரல்பதிவு வருகிறது. அதை இங்கே எழுத முடியாது.

தம்பின் தோட்டப்புறத்திலோ வேறெங்கோ, வீட்டிலிருந்தபடி பலகாரமும் மசாலைத்தூளும் சேலையும் விற்பவர் ஷாப்பியில் கடை போட்டிருந்தால் இந்தத் தலைவலி அவருடையதல்ல. ஓப்பன்கார்ட், வூகாமர்ஸ் போன்ற மென்பொருளை வாடகை சர்வரில் ஏற்றிச் சொந்தக் கடை நடத்துபவருக்குத்தான் சிக்கல். கமிஷன் கட்ட வேண்டாம். பழுது பார்க்கவும் ஆளில்லை. ஆனால் கோளாறு தோன்றும் விதத்தைக் கவனித்தாலே, பழுது கைத்தொலைபேசியிலா, கடையிலா, வங்கியிலிருந்து திரும்பும் வழியிலா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில் அந்த முறுக்கு வாங்கியவர் கதை. நாம் உள்நுழைந்ததும் கடை நம் உலாவியில் ‘குக்கி’ என்ற சிறு குறிப்பை எழுதி வைக்கிறது. கோவில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கன் மாதிரி. ஒவ்வொரு பக்கத்திலும் உலாவி அதைக் காட்டும், கடை ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். வேறொரு தளத்திலிருந்து தகவலைச் சுமந்துகொண்டு திரும்பும்போது அந்த டோக்கனைத் தானாகக் காட்டக் கூடாது என்று 2020-இல் குரோம் விதியை மாற்றியது. மோசடித் தளங்களைத் தடுக்க வந்த விதி அது. பிப்ரவரியில் தொடங்கி, பெருந்தொற்றைக் காரணம் காட்டி ஏப்ரலில் நிறுத்தி, ஜூலையில் மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே மலேசியாவில் மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, சிறு வியாபாரிகள் அவசர அவசரமாக இணையத்தில் கடை திறந்துகொண்டிருந்த அதே மாதங்கள்!

விதியில் ஒரு சலுகையும் உண்டு. குக்கி எழுதப்பட்டு இரண்டு நிமிடம் ஆகவில்லை என்றால் குரோம் அதை அனுப்பிவிடும். சிலருக்கு மட்டும் கோளாறு வருவதன் ரகசியம் இதுதான். பட்டணத்தில் உட்கார்ந்து சட்டென்று கட்டுபவர் தப்பித்துக்கொள்கிறார். செம்பனைக்கு நடுவே ஒரு கோடு சிக்னலோடு வங்கி ஒப்புதலுக்குக் காத்திருப்பவர் மாட்டிக்கொள்கிறார். கடைக்காரர் தன் வீட்டு வைஃபையில் சோதித்துப் பார்த்து, ‘எனக்கு நன்றாகத்தானே வருகிறது’ என்று வாதம் செய்வார். அவர் சொல்வதும் உண்மைதான்.

தீர்வு மென்பொருள்காரர் கையில் இருக்கிறது. குக்கியின் ‘சேம்சைட்’ அமைப்பை ‘நன்’ என்று மாற்றி ‘செக்யூர்’ அடையாளமும் சேர்க்க வேண்டும்; கடை முழுக்க எச்டிடிபிஎஸ்-இல் ஓட வேண்டும். மென்பொருளின் பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் புதுப்பிப்பது மேல். அதுவரை வாடிக்கையாளருக்கு ஒரே பதில்: மறுபடி கட்டாதீர்கள். நீங்கள் கட்டண நிறுவனத்தின் பட்டியலில் பணம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டரைக் கையால் உறுதி செய்யுங்கள்.

யாருமே உள்ளே போக முடியவில்லை, சரியான கடவுச்சொல் கொடுத்தும் அதே பக்கம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் கதை வேறு. சர்வரில் இடம் நிறைந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். உள்நுழைந்தவர் யார் என்று எழுதி வைக்க இடமில்லாவிட்டால் கடை எல்லோரையும் மறந்துவிடும். நிறைத்தது பெரும்பாலும் யாரும் திறந்தே பார்க்காத பிழைப் பதிவுக் கோப்பாக இருக்கும்.

இனி தமிழ்க் கடைகளுக்கே உரிய தொல்லை. ‘அதிரசம்’ என்று தட்டச்சு செய்தீர்கள், திரையில் வரிசையாகக் கேள்விக்குறிகள். சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது. திரும்ப வராது, மறுபடி தட்டச்சு செய்யத்தான் வேண்டும். அதற்கு முன் தரவுத்தளத்தின் எழுத்துமுறையை ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று மாற்றாவிட்டால் மறுபடியும் கேள்விக்குறிதான். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் இதை இயல்பாக்கியது. அதற்கு முந்தைய கடைகள் பலவற்றில் ஐரோப்பிய எழுத்துக்கான ‘லத்தீன்1’ இன்னும் ஒளிந்திருக்கிறது.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, இந்த ஜோடி வரி முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறதா? பயம் வேண்டாம். தமிழ் எழுத்து பத்திரமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவதில் இரண்டே வகை. அதனால்தான் அதே ஜோடி. இந்த நிலையில் யாரும் பக்கத்தைத் திறந்து ‘சேமி’ பொத்தானை அழுத்தாமல் இருந்தால் மீட்டுவிடலாம்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. கடையில் சரியாக இருந்து, ரசீதின் பிடிஎஃப்-இல் மட்டும் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நின்றால், பிடிஎஃப் தயாரிக்கும் நிரலுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. எம்பிடிஎஃப் நிரலுக்குத் தெரியும், டாம்பிடிஎஃப்-க்குத் தெரியாது.

வேகத்துக்காகப் பக்கங்களை நகலெடுத்து வைக்கும் ‘கேஷ்’ வசதியில் கூடையையும் கணக்குப் பக்கத்தையும் சேர்த்துவிட்டால், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியும். 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டு அங்காடியில் இப்படித்தான் சுமார் 34,000 பேரின் விவரங்கள் மற்றவர் திரையில் தோன்றின.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. தம்பின் இருப்பது நெகிரி செம்பிலானில். ஊர்ப் பெயரைத் தாங்கிய ரயில் நிலையமோ எல்லைக்கு அந்தப் பக்கம் மலாக்காவின் புலாவ் செபாங்கில். எல்லையோர வாடிக்கையாளர் மாநிலத்தை மாற்றித் தேர்ந்தெடுத்தால், அந்த மாநிலத்துக்கு அஞ்சல் கட்டணம் போட்டு வைக்காத கடை ‘அனுப்ப வழியில்லை’ என்று கையை விரித்துவிடும். இரண்டு மாநிலங்களுக்கும் கட்டணத்தைப் பதிந்து வையுங்கள்.

உதவி கேட்கும்போது ‘கடை வேலை செய்யவில்லை’ என்று மட்டும் அனுப்பினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தக் கைத்தொலைபேசி, எந்த உலாவி, எத்தனை மணிக்கு, எந்த வங்கி என்று எழுதி, முகவரிப் பட்டை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் சேர்த்து அனுப்புங்கள். நிர்வாகிக் கடவுச்சொல்லை மட்டும் புலனத்தில் போடாதீர்கள். பழுது பார்ப்பவருக்குத் தனிக் கணக்கு திறந்து கொடுத்து, வேலை முடிந்த அன்றே நீக்கிவிடுங்கள்.