கட்டணம் இறங்கும், கேட்டால்தான் கிடைக்கும்

2024 ஜனவரி 27 அன்று மயாமி துறைமுகத்திலிருந்து 'ஐகான் ஆஃப் தி சீஸ்' முதல் பயணம் கிளம்பியபோது, பத்திரிகைகள் அதன் 20 தளங்களையும் நீச்சல் குளங்களையும் பற்றி எழுதித் தீர்த்தன. கட்டணத்தைப் பற்றி யோசிப்பவர் கவனிக்க வேண்டியவை வேறு மூன்று எண்கள். அந்தக் கப்பலில் 2,805 அறைகள். அறைக்கு இருவர் என்றால் 5,610 பேர். சோபா படுக்கை, மேல்படுக்கை எல்லாம் நிரம்பினால் ஏறத்தாழ 7,600 பேர். கப்பல் நிறுவனங்கள் நடுவிலுள்ள எண்ணைத்தான் 100 சதவீதமாக வைத்துக் கணக்குப் பார்க்கின்றன. சொகுசுக் கப்பல் தொழிலில் கட்டணம் ஏறுவதும் இறங்குவதும் அந்த எண்ணை எட்டவும் தாண்டவும் நடக்கும் முயற்சிதான்.

மாலை ஏழு மணிக்குக் கூடையில் மீந்திருக்கும் மல்லிகையைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடத்தான் பூக்காரம்மா பார்ப்பார். காலி அறையோடு கிளம்பும் கப்பலின் நிலையும் அதுவே. அந்த வாரத்தில் அந்த அறையை இனி யாருக்கும் விற்க முடியாது. கப்பலுக்கு அதற்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. அறைக்குள் வந்துவிட்ட பயணி மது வாங்குவார், சூதாட்ட அரங்குக்குப் போவார், இணைய வசதிக்குப் பணம் கட்டுவார், இறங்கும் ஊரைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு எடுப்பார். கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். அதனால் அறையைக் காலியாக விடுவதைவிடக் குறைந்த கட்டணத்துக்குக் கொடுப்பது அவர்களுக்கு எப்போதும் லாபம்.

இந்தக் கணக்கின் வேர் விமானத் துறையில் இருக்கிறது. 1972-ல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் ஓர் எளிய விதியைச் சொன்னார். முழுக் கட்டணம் கொடுப்பவர் பின்னால் வருவார் என்று ஓர் இருக்கையைக் காத்து வைத்தால் எவ்வளவு எதிர்பார்க்கலாமோ, அதைவிட அதிகம் இப்போதே கிடைத்தால் தள்ளுபடியில் விற்றுவிட வேண்டும். 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதைக் கணினியின் துணையோடு பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கப்பல்காரர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். இன்று ஒவ்வொரு புறப்பாட்டுக்கும், ஒவ்வொரு வகை அறைக்கும் கட்டணம் தனித்தனியாக, நாளுக்கு நாள் மாறுகிறது.

மாறுகிறது என்றால் ஏறவும் செய்கிறது. உலகம் முழுவதும் 2019-ல் 2.97 கோடிப் பேர் கப்பல் சுற்றுலா போனார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2023-ல் அது 3.17 கோடியாக உயர்ந்தது. கப்பல்கள் நிரம்பி ஓடும் காலத்தில், காத்திருந்தால் தானாக மலிவாகும் என்று நம்புவது ஆபத்து. மேலும், தள்ளுபடியை வெளிப்படையாகக் காட்ட நிறுவனங்கள் விரும்புவதில்லை. முன்கூட்டியே வாங்கியவர் வருத்தப்படுவார், அடுத்த முறை எல்லோரும் கடைசி நாளுக்காகக் காத்திருப்பார்கள். ராயல் கரீபியன் 2015-ல் கடைசி நேரத் தள்ளுபடியை நிறுத்தப் போவதாகவே அறிவித்தது. ஆகவே குறைப்பு வேறு உருவத்தில் வரும்: கப்பலில் செலவழிக்க ஒரு தொகை வரவு, மூன்றாவது நான்காவது ஆளுக்கு இலவசம், இரண்டாவது ஆளுக்குப் பாதிக் கட்டணம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, 'வேவ் சீசன்' என்று தொழிலில் சொல்லும் மாதங்களில், இந்தச் சலுகைகள் குவியும். விளம்பரத்தில் உள்ள சதவீதத்தைப் பார்க்க வேண்டாம் என்பேன். வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் எல்லாம் சேர்த்து அந்த அறைக்கு மொத்தம் எவ்வளவு என்ற ஒரே எண்ணை எழுதி வையுங்கள். பிற்பாடு ஒப்பிட அது ஒன்றுதான் உதவும்.

முழுப் பணம் கட்டும் தேதி

கப்பல் பயணத்தைப் பதிவு செய்யும்போது கட்டுவது முன்பணம் மட்டுமே. மீதியைக் கட்ட ஒரு கடைசித் தேதி இருக்கும். பல அமெரிக்க நிறுவனங்களில் அது புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாள் முன்பாக வரும், நீண்ட பயணங்களுக்கு இன்னும் முன்னதாகவே வரும். அந்தத் தேதிவரை உங்கள் கட்டணம் முடிவானதல்ல. திரும்பக் கிடைக்கும் முன்பணத்தில் பதிவு செய்திருந்தால், எந்த நாளிலும் அபராதமின்றி ரத்து செய்யலாம். ரத்து செய்யும் உரிமை இருப்பதால்தான், அதே அறை வகையின் கட்டணம் இறங்கினால் புதிய கட்டணத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க முடிகிறது. பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும். ஆனால் கட்டணம் இறங்கிய செய்தியை அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த ஒரு காரணத்தால் தேவைக்கு மேல் கொடுத்துவிட்டுப் போகின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். இருவர் ஏழு இரவுப் பயணத்துக்கு ஆளுக்கு 1,400 டாலர் என்று பால்கனி அறை எடுத்திருக்கிறார்கள். கூடவே கப்பல் கணக்கில் 100 டாலர் வரவு. இரண்டு மாதம் கழித்து அதே அறை வகை 1,150 டாலருக்கு வந்திருக்கிறது, ஆனால் புதிய கட்டணத்தில் அந்த வரவு இல்லை. மாற்றினால் மிச்சம் 500 டாலர் அல்ல, 400 டாலர். இறக்கம் ஆளுக்கு 40 டாலர் மட்டுமே என்றால், மாற்றுவது நஷ்டம். மாற்றச் சொல்வதற்கு முன் பழைய கட்டணத்தோடு என்னென்ன சலுகை போகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை விட்டுவிட்டால் பழைய கட்டணம் திரும்பி வராது.

கூர்ந்து பார்க்க வேண்டிய நாட்கள் அந்தக் கடைசித் தேதியை ஒட்டிய ஒன்றிரண்டு வாரங்கள். முகவர்கள் குழுப் பயணத்துக்கென்று பிடித்து வைத்து விற்க முடியாமல் போன அறைகளைத் திருப்பிக் கொடுப்பது அப்போதுதான். இரண்டு மூன்று பயணங்களுக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுவதும் அப்போதுதான். ஒரே வாரத்தில் நிறைய அறைகள் சந்தைக்கு வரும், நிறுவனத்துக்கு உண்மையான நிலவரம் அன்றுதான் தெரியும். இந்தக் கைவிடலைக் குறைக்கத்தான் திரும்பக் கிடைக்காத முன்பணம் என்ற மலிவான கட்டணத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் தேதியையோ கப்பலையோ மாற்றினால் தனிக் கட்டணம் பிடிப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சிறியதாக இருந்தால், திரும்பக் கிடைக்கும் முன்பணத்தையே நான் பரிந்துரைப்பேன்.

கடைசித் தேதி தாண்டிவிட்டால் உங்கள் பிடி தளர்ந்துவிடும். ரத்து செய்தால் பிடித்தம் படிப்படியாக ஏறிக் கடைசி இரண்டு வாரங்களில் முழுத் தொகையும் போகலாம். ஆனாலும் கட்டணம் வெகுவாக இறங்கியிருந்தால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பணமாகத் தர மாட்டார்கள், கப்பல் கணக்கில் வரவாகவோ சற்று நல்ல அறையாகவோ கொடுப்பது உண்டு. கேட்கும் விதமும் முக்கியம். பணிவாகவும், இறங்கிய கட்டணத்தின் விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டும் கேளுங்கள்.

முகவர் மூலம் பதிவு செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவு அவர் கையில் இருக்கும்வரை கப்பல் நிறுவனம் உங்களோடு நேரடியாகப் பேசாது. மாற்றம் எதுவும் அவர் வழியாகத்தான் நடக்க வேண்டும். ஆகவே பதிவு செய்வதற்கு முன்பே, கட்டணம் இறங்கினால் நீங்கள் கவனித்துச் சொல்வீர்களா, மாற்றித்தர ஏதாவது வாங்குவீர்களா என்று கேட்டுவிடுங்கள். நல்ல முகவர் இதைத் தன் வேலையாகவே செய்வார்.

அறைக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு மறந்துவிடும் இடம் ஒன்று இருக்கிறது. மதுத் தொகுப்பு, இணைய வசதி, சிறப்பு உணவகங்கள், கரைச் சுற்றுலா ஆகியவற்றின் விலையும் இதேபோல ஏறி இறங்குகிறது. ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில் முன்கூட்டி வாங்கியதைப் பயணத்துக்குச் சில நாள் முன்புவரை ரத்து செய்துவிட்டு, குறைந்த விலையில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். நவம்பர் கடைசியில் அமெரிக்காவில் நடக்கும் கறுப்பு வெள்ளி விற்பனையில் இவற்றின் விலை குறைவது வழக்கம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இதில் கிடைக்கும் மிச்சம் சில சமயம் அறைக் கட்டணத்தில் கிடைப்பதைவிடப் பெரிது.

நல்ல அறை எப்படிக் கிடைக்கிறது

கப்பலில் அறைகள் நான்கு வகை: ஜன்னல் இல்லாத உள் அறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட். புதிய கப்பல்களில் பால்கனி அறைகளே மிகுதி. விலை குறைந்த உள் அறைகளும், எண்ணிக்கையில் குறைவான சூட்களும் முந்தி விற்றுப்போவது உண்டு. அப்போது நடுவில் பால்கனிகள் மீந்து நிற்கும். கீழே இருப்பவரை மேலே ஏற்றிவிட்டால், எளிதில் விற்கும் மலிவான அறை ஒன்று காலியாகும். இலவசமாக அறை உயர்த்தப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். பிறந்தநாள், திருமண நாள் என்று சொல்லிக் கேட்பதால் கிடைப்பது அரிது.

அந்த வாய்ப்பை நாமே தேடிப்போகும் வழி 'கேரண்டி' பதிவு. அறை வகையை மட்டும் தேர்ந்தெடுத்து, எண்ணை நிறுவனத்திடம் விட்டுவிடுவது. கட்டணம் குறைவு. தேர்ந்தெடுத்த வகைக்குக் கீழே போட மாட்டார்கள், மேலே போடலாம். ஆனால் இரவு ஒரு மணிவரை அதிரும் நடன அரங்குக்கு மேலேயும் போடலாம், விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுக்கும் நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழேயும் போடலாம், உயிர்காப்புப் படகு கடலை மறைக்கும் ஜன்னலும் கிடைக்கலாம். தூக்கம் லேசானவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொரு வழி ஏலம். ராயல் கரீபியனில் 'ராயல்அப்', நார்வீஜியனில் 'அப்கிரேடு அட்வான்டேஜ்' என்ற பெயர்களில் இது நடக்கிறது. மேல்வகை அறைக்கு எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்பார்கள். அருகில் ஒரு முள், உங்கள் தொகை பலவீனமா வலுவானதா என்று காட்டும். அந்த முள்ளைப் பார்த்துத் தொகையை ஏற்றாதீர்கள். முதலில் மேல்வகை அறையின் இன்றைய கட்டணத்துக்கும் நீங்கள் கட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நேரடியாக வாங்கினால் ஏலத் தொகையைவிடக் குறைவாக முடியும் நாட்களும் உண்டு. நேரடியாக வாங்கினால் அறை எண்ணும் உங்கள் விருப்பம்.

ஏலத்தில் காட்டும் தொகை ஓர் ஆளுக்கு. அறைக்கு இருவர் என்று வைத்துத்தான் பணம் எடுப்பார்கள். தனியாகப் போகிறவர் 200 டாலர் என்று எழுதினால் 400 டாலர் போகும். மாறாக, ஒரே அறையில் நால்வர் இருந்தாலும் இருவருக்கு மட்டும்தான் பிடிப்பார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட நொடியில் அட்டையிலிருந்து பணம் போய்விடும், வேண்டாம் என்று பின்வாங்க முடியாது. சூட்டுக்கு ஏறினால் பல நிறுவனங்களில் தினசரி டிப்ஸும் உயரும். அறை எங்கே அமையும் என்பதும் அவர்கள் கையில்தான்.

புறப்படும் நாள் நெருங்கும்போது நிறுவனமே கூப்பிட்டு, இவ்வளவு கொடுத்தால் பால்கனி தருகிறோம் என்று கேட்பதும் உண்டு. அமெரிக்கப் பயணிகள் அந்த அழைப்பைத் தேவதை வந்ததாகவே சொல்வார்கள். ஏலத்தைவிட இது நல்லது. எந்தத் தளம், எந்த எண் என்று கேட்டு, கப்பலின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம்.

காத்திருப்பது யாருக்குச் சரி

கடைசி நேர மலிவு விலை உண்மையில் புளோரிடாவில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தம்பதிகளுக்கானது. காரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்துவிடலாம், விடுப்புக் கேட்க வேண்டியதில்லை. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு உயிர்காப்புப் படகுக்கும் இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருப்பதால், அறைகள் காலியாக இருக்கும்போதே மூன்றாவது, நான்காவது படுக்கைகளை விற்பது நின்றுபோகும். குடும்பங்கள் முந்திப் பதிவு செய்துவிட்டுக் கட்டணத்தைக் கவனித்து வருவதுதான் சரி. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கரீபியன் பக்கம் கட்டணம் இறங்கும், அது புயல் காலம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய டிசம்பர் முதல் இரண்டு வாரங்களும் மலிவு.

இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் இன்னும் முந்த வேண்டும். மயாமியில் ஏறிக் கரீபியன் தீவுகளைச் சுற்றித் திரும்ப, பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா தேவை. கடைசி நேரத்தில் வாங்கும் விமானச் சீட்டு, கப்பலில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். நாம் பதிவு செய்யும் நாட்டைப் பொறுத்து விதியும் மாறும். மேலே சொன்ன முன்பண வசதி அமெரிக்காவில் வாங்கும் பயணத்துக்கானது, பிரிட்டனில் முன்பணம் பொதுவாகத் திரும்பாது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாங்குகிறவர்கள், கட்டணம் இறங்கினால் மாற்றித் தருவீர்களா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்ட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களுக்கு அந்நாட்டுப் பள்ளி விடுமுறையான ஜூனிலும், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரையிலும் கட்டணம் உச்சத்தில் இருக்கும்.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் அறை உயர்வையே நாட வேண்டாம் என்பது என் எண்ணம். கப்பல் மிகக் குறைவாக ஆடும் இடம் அதன் நடுப்பகுதி, கீழ்த் தளங்கள். மின்தூக்கிக்குப் பக்கத்தில், கீழ்த் தளத்தில் தேடி எடுத்த சாதாரண ஜன்னல் அறையிலிருந்து, யாரும் கேட்காமலே முன்முனையிலுள்ள உயரத் தளப் பால்கனிக்கு மாற்றிவிட்டால் அவர்களுக்கு அது தண்டனையாகிவிடும். பதிவு செய்யும்போதே 'அறையை மாற்ற வேண்டாம்' என்று குறிக்கச் சொல்ல முடியும். முகவரிடமோ நிறுவனத்திடமோ சொல்லி, அந்தக் குறிப்பு ஏறிவிட்டதா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.